வாகனப் பக்கம்: முதல் கார் கூபேயாக இருந்தால்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கூபே எனப்படும் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றியவை. எழுதியவர்கள் 18 முதல் 25 வயதுக்காரர். ஒன்றிரண்டு அவர்களுடைய பெற்றோரிடமிருந்து. பதில்கள் பிரித்தானியச் சட்டத்தையும் இங்குள்ள பழைய கார்ச் சந்தையையும் வைத்துச் சொல்லப்படுகின்றன. வரித்தொகைகள் ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறும் என்பதால், பணம் கட்டுமுன் அந்தந்த வருடத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 19. லைசன்ஸ் எடுத்து நாலு மாதம். பகுதிநேர வேலையில் சேர்த்தது 4,500 பவுண். மாஸ்டா ஆர்எக்ஸ்-8, டொயோட்டா செலிக்கா, ஹூண்டாய் கூபே மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். ஆர்எக்ஸ்-8 விலையும் குறைவு, பார்க்கவும் வடிவு. நண்பர்கள் வேண்டாம் என்கிறார்கள். எதை எடுக்கலாம்?
– வாசகர், ஹாரோ

பதில்: ஆர்எக்ஸ்-8 ஏன் அவ்வளவு மலிவு என்பதிலிருந்து தொடங்குவோம், தம்பி. அதில் இருப்பது பிஸ்டன் இல்லாத ரோட்டரி எஞ்சின். கொள்ளளவு 1.3 லீற்றர்தான். ஆனால் கிலோமீற்றருக்கு வெளிவிடும் கரியமிலவாயு 192 குதிரைவலு மொடலில் 267 கிராம், 231 குதிரைவலு மொடலில் 299 கிராம். 2001 மார்ச்சுக்கும் 2017 மார்ச்சுக்கும் இடையில் பதிவான கார்களுக்கு ரோட் டாக்ஸ் இந்த அளவை வைத்துத்தான் வரும். 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான ஆர்எக்ஸ்-8 'கே' பிரிவோடு நின்றுவிடும். அந்தத் தேதியிலோ அதற்குப் பின்னரோ பதிவானது உச்சப் பிரிவான 'எம்'முக்குப் போகும். ஒரே கார், ஒரே எஞ்சின், ஆனால் வருடத்துக்கு 300 பவுணுக்கு மேல் வித்தியாசம். விளம்பரத்தில் "2006 மொடல்" என்று மட்டும் போட்டிருந்தால், வி5சி என்ற வாகனப் பதிவுப் பத்திரத்தில் முதல் பதிவுத் தேதியைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

அடுத்தது பெற்றோல். நகரத்துக்குள் ஓடும் ஆர்எக்ஸ்-8 கலனுக்கு 20 மைல் தந்தாலே நல்லது. வருடம் 8,000 மைல் ஓடினால் அது 1,818 லீற்றர். கலனுக்கு 33 மைல் தரும் செலிக்காவுக்கு 1,102 லீற்றர் போதும். லீற்றர் 1.40 பவுண் என்று வைத்தால் வித்தியாசம் 1,000 பவுண். வாங்கும்போது மிச்சம் பிடித்த காசு முதல் வருடமே பெற்றோல் நிலையத்துக்குப் போய்விடும். எஞ்சின் தேய்ந்திருந்தால் அதைத் திருத்திக் கட்டும் செலவு காரின் விலையையே தாண்டும். உங்கள் நண்பர்கள் சொல்வது சரி.

உங்கள் வயதுக்கும் பணத்துக்கும் எங்கள் தெரிவு செலிக்கா, அதுவும் 1.8 லீற்றரில் ஏறத்தாழ 140 குதிரைவலு தரும் சாதாரண எஞ்சின். 190 குதிரைவலு 'டி ஸ்போர்ட்' மொடலில் 6,200 சுற்றளவில் கேம் மாறி எஞ்சின் இன்னொரு குணத்துக்கு வரும். அந்தச் சத்தத்துக்காகவே அதைத் தேடுகிறவர்கள் உண்டு. 19 வயதில் அதற்கு நீங்கள் கட்டப்போகும் காப்புறுதிக் காசுக்கு அது தகாது. இரண்டு எஞ்சினுக்கும் டைமிங் செயின்தான். பெல்ட் மாற்றும் செலவு இல்லை.

சாதாரண எஞ்சினுக்கு ஒரு பெயர்போன குறை உண்டு. ஆரம்ப வருடக் கார்களில் பிஸ்டனில் ஒயில் திரும்பி வடியும் துளைகள் சிறியவை. கரி பிடித்து அவை அடைபட்டால் ஒயில் மேலே நின்று எரியும். பிற்கால எஞ்சின்களில் பிஸ்டனை மாற்றிவிட்டார்கள். ஆகவே 2003-க்குப் பிந்திய காரைத் தேடுங்கள். பார்க்கப் போகும்போது ஒரு சரிவில் கியரில் விட்டு, அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்குங்கள். கீழே வந்ததும் அழுத்தமாக மிதித்து, பின்னால் நீலப்புகை வருகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். அந்த எஞ்சின் பிடிப்பது 3.7 லீற்றர் ஒயில்தான். ஒரு லீற்றர் குறைந்தாலே கால்பங்குக்கு மேல் போய்விட்டது என்று கணக்கு.

ஹூண்டாய் கூபே கெட்ட கார் இல்லை. 2.7 லீற்றர் வி6 எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் முடிந்தது. 60,000 மைலுக்குள் மாற்றிய பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். சில்லுக்கு மேலுள்ள வளைவிலும் கதவுக்குக் கீழ் விளிம்பிலும் துரு பார்க்கவேண்டும்.

கையிலுள்ள 4,500 பவுண் முழுவதும் காருக்கான பணம் இல்லை. 19 வயதுக்காரருக்குக் காப்புறுதி காரின் விலையைத் தாண்டுவது அதிசயமல்ல. எந்தக் காரையும் நேரில் பார்க்கப் போகுமுன் அதன் இலக்கத்தகட்டைக் கொடுத்துக் காப்புறுதி விலை கேட்டுவிடுங்கள். மிஞ்சும் தொகையில் 600 பவுணைத் தனியே ஒதுக்குங்கள். நாலு டயர், ஒரு முழு சேர்விஸ், முதல் எம்ஓடி (வருடாந்த வாகனச் சோதனை) தரும் குறைகள் எல்லாம் அதற்குள்தான் அடங்கவேண்டும்.

கேள்வி: மகனுக்கு 18 வயது. அவன் பெயரில் இன்சூரன்ஸ் கேட்டால் தலை சுற்றுகிறது. என் கணவர்தான் பிரதான சாரதி என்று போட்டு, மகனை இரண்டாவது ஆளாகச் சேர்த்தால் பாதி விலைதான் வருகிறது. எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு தாய், ஈஸ்ட் ஹாம்

பதில்: வேண்டாம், அக்கா. காரை நாளாந்தம் ஓடுகிறவர் மகன் என்றால், கணவரைப் பிரதான சாரதி என்று எழுதுவது காப்புறுதி மோசடி. பணம் கட்டும்போது யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு விபத்து நடந்து இழப்பீடு கேட்கும்போதுதான் கேள்விகள் வரும்: கார் இரவில் எங்கே நிற்கிறது, கல்லூரித் தரிப்பிட அனுமதி யார் பெயரில், கணவர் வேலைக்கு எதில் போகிறார். பதினெட்டு வயதுக்காரனின் காரில் ஐம்பது வயதுக்காரர் தினமும் வேலைக்குப் போகிறார் என்றால், விசாரிப்பவருக்கு முதல் வரியிலேயே சந்தேகம் வந்துவிடும்.

பொலிசியை இரத்துச் செய்தால் உங்கள் காருக்கு ஒன்றும் கிடைக்காது. எதிரே வந்தவருக்குக் கொடுத்த தொகையை உங்களிடமே திருப்பிக் கேட்கலாம். மகன் காப்புறுதி இல்லாமல் ஓடியவராகவும் கணிக்கப்படலாம். அதற்கு ஆகக் குறைந்த தண்டமே 300 பவுணும் 6 புள்ளிகளும். 1995-ஆம் ஆண்டின் புதிய சாரதிகள் சட்டப்படி, சோதனையில் தேறி இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசன்ஸ் பறிபோகும். மீண்டும் புரொவிஷனல் (பழகுநர் லைசன்ஸ்), மீண்டும் எழுத்துச் சோதனை, மீண்டும் ஓட்டச் சோதனை. கையில் ஃபோன் பிடித்து அகப்பட்டாலும் அதே 6 புள்ளிதான் என்பதையும் மகனிடம் சொல்லி வையுங்கள். பொலிசி இரத்தான வரலாறு கணவர் பெயரிலும் ஒட்டிக்கொள்ளும். அடுத்து எங்கே போய் விலை கேட்டாலும் அதைச் சொல்லவேண்டும்.

நேர்வழியில் விலையைக் குறைக்க இடமிருக்கிறது. மகனைப் பிரதான சாரதியாகப் போட்டு, உங்களையோ கணவரையோ மேலதிக சாரதியாகச் சேருங்கள். இடைக்கிடை நீங்கள் உண்மையாகவே அந்தக் காரை ஓடினால் அது முழுக்கச் சட்டபூர்வமானது. உங்களைச் சேர்த்து ஒரு விலை, கணவரைச் சேர்த்து ஒரு விலை, இருவரையும் சேர்த்து ஒரு விலை என்று மூன்று தரம் கேட்டுப் பாருங்கள். தொடங்கும் நாளுக்கு மூன்று நாலு வாரம் முந்தி கேட்டால் விலை பெரும்பாலும் குறைவு; கடைசி நாளில் கேட்டால் கூடும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மலிவு என்பது பழைய கதை. இளம் சாரதிகளுக்கு முழுக் காப்புறுதி அதைவிடக் குறைவாக வருவதும் உண்டு.

கருப்புப் பெட்டி பொருத்தும் பொலிசியானால் நிபந்தனைகளை வாசித்துவிட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். வேகம் மட்டுமல்ல, சடுதியாகப் பிரேக் பிடிப்பது, வளைவில் உடல் சாய எடுப்பது, நள்ளிரவுக்குப் பின் ஓடுவது எல்லாம் பதிவாகும். கட்டாயக் கழிவுத்தொகை, விருப்பக் கழிவுத்தொகை இரண்டும் கூட்டப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கட்டாயம் 250, விருப்பம் 500 என்றால் இழப்பீடு கேட்கும் ஒவ்வொரு தடவையும் முதல் 750 பவுண் உங்கள் பையிலிருந்துதான். 700 பவுணுக்குப் பம்பர் உடைந்தால் அந்தக் காப்புறுதியால் ஒரு சதமும் வராது.

கேள்வி: 24 வயது, வேலை செய்கிறேன். 2013 டொயோட்டா ஜிடி86 ஒன்று பார்த்திருக்கிறேன், 68,000 மைல். என்னென்ன பார்க்கவேண்டும்? வாங்கினால் ஒயில் மாற்றுவதை நானே செய்யலாமா?
– வாசகர், மில்ரன் கீன்ஸ்

பதில்: நல்ல தெரிவு. சுபாருவின் தட்டை நாலு சிலிண்டர் 2.0 லீற்றர் எஞ்சின், 200 குதிரைவலு, பின்சில்லு இழுவை, 1,250 கிலோவை ஒட்டிய எடை. டர்போ இல்லாததால் பழுதாக ஒரு பொருள் குறைவு. 3,500 முதல் 4,500 சுற்றுவரை இழுவை சற்றுத் தொய்யும். பரீட்சித்து ஓடும்போது அதைப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள், பிறவிக் குணம்.

முதலில் வீட்டிலிருந்தே செய்யவேண்டியவை. அரசாங்க இணையத்தளத்தில் இலக்கத்தகட்டைப் போட்டால் எம்ஓடி வரலாறு முழுவதும் இலவசமாக வரும். ஒவ்வொரு வருடத்து மைலேஜும் ஒழுங்காக ஏறுகிறதா, "பின் டயர் உட்புறம் தேய்வு" என்ற குறிப்பு மீண்டும் மீண்டும் வருகிறதா என்று பாருங்கள். திரும்ப அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்க்கலாம். 2012, 2013 வருடக் கார்களில் வால்வு ஸ்பிரிங் உடைந்து எஞ்சின் நிற்கக்கூடும் என்று 2018-இல் உலகளவில் திரும்ப அழைத்தார்கள். உங்கள் கார் அந்த வருடத்தது. வேலை செய்திருக்கிறார்களா என்பது முதல் கேள்வி, யார் செய்தார்கள் என்பது இரண்டாவது. அந்த வேலைக்கு எஞ்சினை இறக்கிப் பிரிக்கவேண்டும். திரும்பப் பூட்டும்போது சிலிக்கோன் பசையை அளவுக்கு மிஞ்சிப் பூசினால், பிதுங்கிய துண்டு ஒயில் உறிஞ்சியின் வலையை அடைக்கும், பெயரிங் எரியும். வேலை முடிந்து பல ஆயிரம் மைல் பிரச்சினையில்லாமல் ஓடிய கார் என்றால் பயம் குறைவு. போன மாதம்தான் செய்தது என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

கடன் பாக்கி, காப்புறுதிக் கம்பனி கைவிட்ட கார் ஆகியவற்றுக்குக் காசு கட்டிச் சரிபார்க்கும் சேவைகள் உண்டு. அந்தச் செலவைத் தவிர்க்காதீர்கள். 2017 ஒக்டோபர் முதல் கைவிட்ட கார்களில் 'எஸ்' வகை என்றால் சட்டகத்தில் அடி, 'என்' என்றால் சட்டகத்தில் அடியில்லை. பின்சில்லு இழுவைக் காரில் 'எஸ்' என்று வந்தால் அந்த விற்பனையாளரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

நேரில் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சேரும்போது பொனட் சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஸ்டார்ட் செய்தபின் பொனட்டுக்குள் பூச்சி கத்துவதுபோல ஒரு கிறீச் கேட்டால், அது உயரழுத்தப் பெற்றோல் பம்ப், பெரும்பாலும் ஆபத்தில்லை. கிளச் மிதித்ததும் மாறும் சத்தம் வேறு, அது ரிலீஸ் பெயரிங். அதை மாற்ற கியர்பொக்ஸை இறக்கவேண்டும், இறக்கினால் கிளச்சையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்தி. அந்தச் செலவை விலையில் பேசுங்கள். குளிரில் இரண்டாம் கியர் இறுக்கமாக விழுவது சகஜம். சூடான பின்னும் கரகரத்தால், கியரை இணங்கவைக்கும் சின்க்ரோ தேய்ந்தது. நாலாம் கியரில் 2,000 சுற்றில் முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் சுற்று மட்டும் ஏறினால் கிளச் வழுக்குகிறது.

டிக்கியின் விரிப்பைத் தூக்கிக் கைவைத்து ஈரம் பாருங்கள். பின் விளக்குக்குள் நீர்த்திவலை இந்த மொடலில் அடிக்கடி காணப்படுவது. கண்ணாடிக்குச் சட்டம் இல்லாத கதவு என்பதால், கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி சற்று இறங்கி, மூடியதும் ஏறவேண்டும். இறங்காவிட்டால் இரப்பர் கிழிந்து மழை உள்ளே வரும். பம்பர் பூட்டும் ஆணிகளின் தலையில் பெயின்ட் சிராய்ந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

ஸ்பார்க் பிளக் 60,000 மைலில் மாற்றவேண்டியது. இந்த எஞ்சினில் பிளக்குகள் பக்கவாட்டில் சட்டகத்தை ஒட்டி இருப்பதால் கூலி கூடும். 68,000 மைல் காரில் அது செய்த பற்றுச்சீட்டு இருக்கிறதா? இல்லையென்றால் பேரம் பேச அதுவே நல்ல காரணம்.

ஒயில் மாற்றுவது இந்தக் காரில் உண்மையிலேயே சுலபம். ஃபில்டர் எஞ்சினின் மேலே, பொனட்டைத் திறந்ததும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. 0டபிள்யூ-20 முழுச் செயற்கை ஒயில், ஃபில்டரோடு மாற்றினால் ஏறத்தாழ 5.4 லீற்றர். பத்து நிமிடம் ஓடிச் சூடாக்கி, சமதரையில் ராம்ப்பில் ஏற்றி நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. நிரப்பும் மூடியைத் திறந்து, கீழ் ஆணியைக் கழற்றி முழுக்க வடியவிடுங்கள். ஆணிக்கான நசுங்கும் வாஷர் ஒவ்வொரு தடவையும் புதிது போடவேண்டும். பழையதைத் திருப்பிப் போட்டால் கசியும். கசிகிறதே என்று இன்னும் இறுக்கினால் அலுமினியப் புரி போய்விடும். ஃபில்டரைக் கழற்றுமுன் சுற்றிலும் துணி வையுங்கள், மேலிருந்து வழிவது சூடான பாகங்களில் விழும். புதிய ஃபில்டரின் இரப்பர் வளையத்தில் ஒயில் தடவி, தொட்டபின் முக்கால் சுற்று கையால். ஐந்து லீற்றர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திச் சில நிமிடம் கழித்துக் குச்சியில் பார்த்து மிச்சத்தை ஊற்றுங்கள். 10,000 மைல் அல்லது 12 மாதம் என்பது கம்பனிக் கணக்கு. அடிக்கடி 7,000 சுற்றுக்கு மேல் ஏற்றுகிறவர் 5,000–6,000 மைலில் மாற்றுவது நல்லது. பழைய ஒயிலை மாநகரசபை மீள்சுழற்சி நிலையத்தில் வாங்குவார்கள். பற்றுச்சீட்டுகளைத் தேதி, மைலேஜோடு ஒரு கோவையில் போட்டு வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள்.

இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 12.5. ஐரோப்பாவில் 98 ஒக்டேன் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள், சாதாரண 95-ஐ ஊற்றி மிச்சம் பிடிக்கப் பார்க்கவேண்டாம். 2017 ஏப்ரல் 1-க்குப் பின் பதிவான ஜிடி86-க்கு ரோட் டாக்ஸ் நிலையான கட்டணம். உங்கள் 2013 காருக்கு வாயுக் கணக்குப்படி அதைவிடக் கூடும்.

கேள்வி: வேண்டாம் என்று சொன்னவர்களைக் கேட்காமல் ஆர்எக்ஸ்-8 வாங்கிவிட்டேன். வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்து இரண்டடி நகர்த்தி நிறுத்தினேன். அடுத்த நாள் ஸ்டார்ட்டே எடுக்கவில்லை.
– வாசகர், குரொய்டன்

பதில்: எஞ்சினுக்குள் பெற்றோல் நிறைந்துவிட்டது. குளிர்ந்த நிலையில் ரோட்டரி எஞ்சின் நிறையப் பெற்றோல் எடுக்கும். சூடாகுமுன் நிறுத்தினால் அது எரியாமல் உள்ளேயே தங்கி, சுவரிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவும், சீல் பிடிக்காது, அமுக்கம் வராது. அக்சிலரேட்டரைத் தரையோடு முழுதாக மிதித்தபடி பத்து விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அந்த நிலையில் பெற்றோல் ஊற்றுவதைக் கணினி நிறுத்திவிடும். ஒரு நிமிடம் ஸ்டார்ட்டரை ஆறவிட்டு மீண்டும். பற்றரி தளர்ந்திருந்தால் வேறொரு காரிலிருந்து வயர் போடுங்கள். மெதுவாகச் சுற்றினால் பலனில்லை. அப்போதும் எடுக்காவிட்டால் நாலு பிளக்கையும் கழற்றிக் காயவைக்கவேண்டும். கழற்றும்போது மேலுள்ளவை எவை, கீழுள்ளவை எவை என்று குறித்து வையுங்கள், இரண்டும் வேறு வகை.

இனிமேல் ஸ்டார்ட் செய்தால் வெப்பமானி நடுவுக்கு வரும்வரை நிறுத்தக்கூடாது. காரைக் கழுவ இரண்டடி நகர்த்தவேண்டுமென்றால் தள்ளுங்கள்.

இந்த எஞ்சின் ஒயிலை வேண்டுமென்றே சிறிது சிறிதாக எரிக்கும். சீல்களுக்கு மசகு அப்படித்தான் போகிறது. இரண்டு தரம் பெற்றோல் அடித்தால் ஒரு தரம் ஒயில் குச்சியைப் பார்ப்பது பழக்கமாகட்டும். இக்னிஷன் கொயில் நாலும் 30,000 மைல் தாண்டினால் சந்தேகத்துக்குரியவை. தளர்ந்த கொயிலோடு ஓடினால் எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிட்டிக் கன்வேர்ட்டருக்குப் போய் அதை உருக்கும். சூடான எஞ்சின் நிறுத்தியதும் திரும்ப எடுக்க மறுப்பதுதான் உண்மையான அபாய அறிகுறி. அப்படியானால் ரோட்டரிக்கென்றே உள்ள கருவி வைத்திருக்கும் கராஜில் அமுக்கச் சோதனை செய்யுங்கள். சாதாரண மானி ஒரு ரோட்டரின் மூன்று முகங்களையும் பிரித்துக் காட்டாது. ஆறு எண்கள் தரவேண்டும். 250 சுற்று வேகத்துக்குத் திருத்திய கணக்கில் 680 கிலோபஸ்கலுக்குக் கீழே ஒன்று இறங்கினாலும் எஞ்சின் முடிவை நெருங்குகிறது.

கேள்வி: மழையில் ரவுண்டபவுட் எடுக்கும்போது காரின் பின்பக்கம் வழுக்குகிறது. பயமாக இருக்கிறது. வாங்கும்போது புதுப் பின் டயர் போட்டுத்தான் தந்தார்கள்.
– வாசகி, லெஸ்ரர்

பதில்: எந்தக் கம்பனி டயர், தங்கச்சி? விற்கிறவர் காரை எம்ஓடியில் தேற்றுவதற்காக ஆக மலிவான டயரைப் பின்னால் போட்டு விற்பது சந்தையில் வழக்கம். முன்னால் நல்ல டயர், பின்னால் பிடிப்பில்லாத டயர் என்றால் பின்சில்லு இழுவைக் காரில் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். நாலும் ஒரே தரத்தில் இருக்கவேண்டும். இரண்டு மட்டுமே வாங்க முடியுமென்றால் நல்லவை பின்னுக்கு.

டயரின் பக்கத்தில் டொட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 1419 என்றால் 2019-இன் 14-ஆவது வாரம். ஆறேழு வருடம் தாண்டிய டயர் ஆழம் இருந்தாலும் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும். சட்டம் கேட்பது அகலத்தின் நடு முக்கால் பங்கில் 1.6 மில்லிமீற்றர். அதற்குக் கீழே போனால் டயர் ஒன்றுக்கு 2,500 பவுண் வரை தண்டமும் 3 புள்ளியும். இரண்டு வழுக்கை டயர் என்றால் புதிய சாரதிக்கு லைசன்ஸே போகலாம். மழைக்கு 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுங்கள். காற்றழுத்தம் குளிர்ந்த நிலையில் பார்க்கவேண்டும். சரியான அளவு சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்.

ஓட்டத்தில் ஒன்று: வளைவுக்குள் போனபின் பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னுக்குப் பாயும், பின்பக்கம் இலேசாகும், வழுக்கும். வேகத்தை வளைவுக்கு முன்னரே குறைத்து, உள்ளே ஒரே அளவில் மிதித்துக்கொண்டு போங்கள். நிலைக்கட்டுப்பாட்டு பொத்தானைத் தொடவே வேண்டாம். புது டயர் போட்டபின்னும் ஒரு பக்கம் மட்டும் வழுக்கினால் நாலு சில்லுச் சீரமைப்புச் செய்து கையில் அளவுத்தாள் வாங்குங்கள். முன்பு நடைபாதை விளிம்பில் மோதிய கார் அதில் அகப்படும்.

கேள்வி: சைலன்சர், தாழ்த்தும் ஸ்பிரிங், கறுப்புக் கண்ணாடி போடப்போகிறேன். இன்சூரன்ஸுக்குச் சொல்லவேண்டுமா? – வாசகர், வெம்பிளி

பதில்: மூன்றையும் சொல்லவேண்டும். முந்திய சொந்தக்காரர் போட்டு வந்ததையும் சொல்லவேண்டும். "எனக்குத் தெரியாது" என்பது எடுபடாது. பொருத்தியபின் சொல்வதை விட, பொருத்துமுன் விலை கேளுங்கள். சில கம்பனிகள் இளம் சாரதியின் மாற்றிய காரை எடுக்கவே மாட்டா. முன் கதவுக் கண்ணாடி வெளிச்சத்தில் 70 வீதத்தையாவது விடவேண்டும். கடைகளில் வரும் கறுப்புத் தாள் பெரும்பாலும் அதில் தேறாது. கற்றலிட்டிக் கன்வேர்ட்டரை எடுத்துவிடும் சைலன்சர் எம்ஓடியில் தோற்கும். எழுத்து இடைவெளியை மாற்றிய இலக்கத்தகடு 1,000 பவுண் வரை தண்டம். தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டால் சில்லுச் சீரமைப்புக் கட்டாயம். அதைச் செய்யாததால்தான் உட்புறம் மட்டும் தேய்ந்த டயர்கள் இத்தனை காண்கிறோம். அந்தக் காசுக்கு நல்ல பிரேக் பாட்டும் புதிய பிரேக் ஒயிலும் போட்டால் கார் கூடுதலாக மாறும், யாருக்கும் விளக்கம் சொல்லவும் வேண்டாம்.

கேள்வி: இலங்கையில் ஐந்து வருடம் ஓடிய லைசன்ஸ் இருக்கிறது. இங்கே வந்து ஏழு மாதம். அதில் கூபே வாங்கி ஓடலாமா? – வாசகர், சட்டன்

பதில்: குடியிருக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம் ஓடலாம். இலங்கை லைசன்ஸை நேரே மாற்றித் தரமாட்டார்கள். இந்திய லைசன்ஸுக்கும் இதேதான். ஐந்து மாதத்துக்குள் புரொவிஷனல் எடுத்து இரண்டு சோதனையும் தேறுங்கள்; ஓட்டச் சோதனைக்கு இடம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் இன்றே தொடங்குங்கள். தேறிய நாளிலிருந்து நீங்களும் இரண்டு வருடம் புதிய சாரதி, 6 புள்ளிச் சட்டம் உங்களுக்கும்தான். காப்புறுதி விலையில் ஊர் அனுபவம் பெரிதாக எண்ணப்படாது. காரைச் சோதனைக்குப் பின் வாங்குங்கள்.

கேள்வி: 2004 கூபே லண்டனுக்குள் ஓடினால் யூலெஸ் என்ற புகைக் கட்டணம் வருமா? – வாசகி, இல்ஃபர்ட்

பதில்: பெற்றோல் காருக்கு யூரோ 4 என்ற புகைத் தரம் வேண்டும். 2006-க்குப் பின் பதிவானவை பொதுவாகத் தேறும். 2004 காரில் சிலது தேறும், சிலது தேறாது. லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் தளத்தில் இலக்கத்தகட்டைப் போட்டுப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். 2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதியும் உள்ளடக்கம். நாளுக்கு 12.50 பவுண், நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு. இரவு 11 மணிக்குக் கிளம்பி 1 மணிக்குத் திரும்பினால் இரண்டு நாள் காசு.

கேள்வி: பல்கலைக்கழக விடுமுறையில் ஆறு வாரம் கார் நிற்கப்போகிறது. ஏதாவது செய்யவேண்டுமா? – வாசகர், கவென்ட்ரி

பதில்: கார் இரவில் நிற்கும் முகவரி மாறினால் காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்லுங்கள். கருப்புப் பெட்டி நிற்கும்போதும் பற்றரியை உறிஞ்சும், ஆறு வாரத்தில் பற்றரி இறங்கிவிடும். மின் வசதி இருந்தால் மெதுவாக ஏற்றும் சார்ஜர் போட்டு விடுங்கள். பற்றரியைக் கழற்ற நினைத்தால் முதலில் பெட்டிக் கம்பனியைக் கேளுங்கள், கேட்காமல் கழற்றினால் பெட்டியில் கைவைத்ததாக எச்சரிக்கை வரும். டயருக்குக் காற்றைச் சரியான அளவுக்கு நிரப்பி, சமதரையில் முதல் கியரில் விட்டுச் சில்லுக்கு அடைகட்டை வையுங்கள். ஹான்ட்பிரேக்கை இழுத்து விட்டால் பின் பிரேக் துருவோடு ஒட்டிக்கொள்ளும். பழைய செலிக்கா போன்ற கார்களில் கலிப்பரே இறுகிவிடுவதுண்டு. சோர்ன் (கார் தெருவில் ஓடாது என்ற அறிவிப்பு) கொடுத்து ரோட் டாக்ஸை மீட்க எண்ணினால் கார் தனியார் காணிக்குள் நிற்கவேண்டும், தெருவில் நிறுத்தக்கூடாது.